மேல் வீட்டுப் பரேடு

“பீரங்கியைப் பத்தி நாலு நல்ல வார்த்தை பேசணுமாம். என்னத்தைப் பேசறது?”

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே மனைவியிடம் கேட்டார் குடியிருப்புச் சங்கத்தின் செகரட்டரி. பீரங்கி என்பது மேல் வீட்டு ரிட்டயர்டு கர்னல். போன வாரம் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இன்று சாயங்காலம் கீழ்த்தள ஹாலில் இரங்கல் கூட்டம்.

“ஒண்ணும் தோணலைன்னா கொஞ்ச நேரம் மௌனம்னு சொல்லிட்டு உக்காந்துடுங்க.”

“அந்த மனுஷன் வந்ததிலேர்ந்து நமக்கு எங்கே கிடைச்சுது மௌனம்?”

அதுவும் வாஸ்தவம்தான். கர்னலும் அவர் மனைவியும் குடிவந்து ஒரு வருஷம் இருக்கும். அந்த அம்மாளை யாரும் கண்ணால் கண்டதில்லை; சாவன்றுகூட உள் அறைக் கதவு சாத்தியே இருந்தது. ஆனால் தினமும் காலையில் செகரட்டரி பேப்பரைப் பிரிக்கிற நேரத்துக்கு மேலே பரேடு ஆரம்பித்துவிடும்.

“எழுந்திரு! நிமிர்ந்து நில்லு. ம்... கிளம்பு.”

அப்புறம் தரையில் எதையோ இழுக்கும் சத்தம். “நிக்காதே. மறுபடியும்.” ஒரு விசும்பல். “அழுதா விட்டுடுவேன்னு நினைச்சியா? மறுபடியும்.”

இழுபடுவது மேஜையா, பீரோவா என்று புருஷனும் பெண்டாட்டியும் கூரையை அண்ணாந்து பார்த்தபடி காபி குடிப்பார்கள்.

“இந்த வயசுல அந்தம்மாவை என்ன பாடு படுத்தறாரு பாருங்க. பட்டாளத்துல அதிகாரம் பண்ணிப் பழகின நாக்கு, சும்மா இருக்குமா?” என்பாள் மனைவி.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் செகரட்டரி மாடியேறிவிட்டார். கதவைத் திறந்த கர்னலுக்கு வியர்த்துக் கொட்டியிருந்தது. உள்ளே பார்வை போகாதபடி வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

“தப்பா நினைக்காதீங்க சார். உங்க குரல் கட்டடம் முழுக்கக் கேக்குது. உங்க வீட்டு விஷயம்தான், இல்லைங்கலை. ஆனா இது மிலிட்டரி கேம்ப் இல்லை. நாலு குடும்பம் இருக்கிற இடம்.”

மீசை துடிக்கும், குரல் எகிறும் என்று தயாராகப் போனவருக்கு ஏமாற்றம். கர்னல் கூனிக் குறுகிவிட்டார்.

“கீழ கேக்கும்னு தோணவே இல்லை. மன்னிச்சுக்குங்க. இனிமே கேக்காது.”

மறுநாளிலிருந்து மேல் வீட்டில் மூச்சுப் பேச்சில்லை.

“ஒரே வார்த்தை. பட்டாளத்தையே வாயடைக்க வெச்சுட்டேன்” என்று லிஃப்டில் ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லோரிடமும் செகரட்டரி சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹால் நிறைந்திருந்தது. மேஜைமேல் சீருடையில் கர்னலின் படம். பொருளாளர் செகரட்டரியின் காதைக் கடித்தார்.

“பாதி வாழ்க்கை எல்லையிலேயே போயிருக்கு சார். பனி மலையில அடிபட்ட சிப்பாயைத் தோள்லயே சுமந்துட்டு வந்தவராம். அதைச் சொல்லுங்க.”

“சொல்லிடலாம். வெளியில சுமந்தாரு, வீட்டுல சுமக்க வெச்சாரு” என்று கண்ணடித்துவிட்டு மைக்கைப் பிடித்தார் செகரட்டரி.

“நம்ம கர்னல் ரொம்பக் கண்டிப்பானவர். அது உங்க எல்லாருக்குமே தெரியும்...”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்போதுதான் லிஃப்ட் திறந்தது.

வெளியூரிலிருந்து வந்திருந்த மகள், சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதில் கர்னலின் மனைவி. ஒரு கை மடியில் துவண்டு கிடந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

“பேசுங்க தம்பி. ஏன் நிறுத்திட்டீங்க?” வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன.

“அம்மா, உங்களுக்கு உடம்பு...”

“பக்கவாதம். இங்க வர்றதுக்கு முன்னாடியே. இனிமே நான் நடக்க மாட்டேன்னு டாக்டர் சொன்னதை இவர் ஒத்துக்கலை. தினம் காலைல பரேடுதான். நானே நடந்து கீழ வர்ற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தேன். எனக்குக் கொஞ்சம் ராங்கி ஜாஸ்தி.” பாதி வாயால் சிரித்தார். “கட்டில்லேர்ந்து ஜன்னல் வரைக்கும் வந்துட்டேன் தம்பி.”

“அப்புறம்?” என்றது முன்வரிசை.

“கீழ உள்ளவங்களுக்குத் தொந்தரவுன்னு தெரிஞ்சுது. அப்புறம் என் எதிர்ல என்னைப் பார்த்தபடி பின்பக்கமாவே நடந்துக்கிட்டு, சத்தம் வராம வாயை மட்டும் அசைப்பாரு. அந்த மீசையைப் பார்த்தா எனக்குச் சிரிப்பு வந்துடும், கால் நின்னுடும். அப்படியே உக்காந்தவதான்.”

லிஃப்டில் கதை கேட்ட அத்தனை கண்களும் செகரட்டரி பக்கம் திரும்பின. அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஒரே வார்த்தையை இவர்கள் அத்தனை பேரும் மறந்துபோய்விடக் கூடாதா என்றிருந்தது அவருக்கு.

“கீழ் வீட்டுத் தம்பி நீங்கதானே? ரொம்ப மரியாதையா வந்து சொன்னீங்கன்னு சொல்வாரு.”

செகரட்டரி மைக்கைக் கீழே இறக்கினார்.

அந்த அம்மாளின் நல்ல கையில் ஒரு பூ இருந்தது. “இதை நானே நடந்து போய் அவர் படத்துக்கு வைக்கணும். யாராவது சொன்னாத்தான் இந்தக் கால் கிளம்பும். பொண்ணுக்கு அழுகையே நிக்கலை. மைக் உங்க கையில இருக்கு. இடது, வலதுன்னு சொல்லுங்க தம்பி, போதும்.”

மகளின் தோளில் சாய்ந்து எழுந்து நின்றார். ஹாலும் கூடவே எழுந்து நின்றது.

செகரட்டரி மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

“இடது...”

மைக்குக்கே கேட்கவில்லை அது.

காலைப் பார்த்தபடியே அந்த அம்மாள் சொன்னார்:

“இன்னும் சத்தமா, தம்பி. மெதுவாச் சொன்னா இந்தக் கால் கேக்காது.”