எறும்பு தொடாத ஜாடி

நரி கொடுத்த மருந்தை வேளை தவறாமல் விழுங்கியும் ஆட்டுக்குட்டிக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. முள் குத்திய கால் சீழ்பிடித்து வீங்கிக்கொண்டே போனது.

"மருந்துல குறையில்ல, உன் குட்டியோட உடம்புவாகு அப்படி" என்றது மருந்துக்கடை நரி. "இன்னொரு பொட்டலம் வாங்கிட்டுப் போ."

தாய் ஆடு சுவரொட்டியைக்கூட மென்று பார்க்காமல் விடாது. ஆனால் மருந்து என்றால் அதற்குப் பயபக்தி. அதை மட்டும் நாக்கில் வைத்ததில்லை. வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே ஒரு சித்தெறும்பு.

"மருந்துல உனக்கென்னடி வேலை?"

"மருந்தா? அரிசிமாவும் சர்க்கரையும் அக்கா இது! கசந்தா நான் ஏன் வர்றேன்?"

ஆடு மென்று பார்த்தது. இனித்தது. எறும்பைக் காதில் ஏற்றிக்கொண்டு கடைக்கு ஓடியது.

கடையில் எறும்பு தன் கூட்டத்தைக் கூப்பிட்டது. எல்லா ஜாடியிலும் மொய்த்தார்கள். மேல்தட்டில் இருந்த ஒன்றை மட்டும் முகர்ந்துவிட்டுத் திரும்பினார்கள். ஆடு அதில் வாயை வைத்தது. எட்டிக்காயாய்க் கசந்தது.

"ஐயோ, அதைத் தொடாதே! அதை என் பிள்ளைகளுக்கு வச்சிருக்கேன்!" என்று அலறியது நரி.

ஆடு ஜாடியோடு நடந்தது.

சீழ் வற்றி, குட்டி மறுபடி முட்டி முட்டிப் பால் குடிக்கிறது. இப்போதெல்லாம் அக்கம்பக்கத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், மருந்தை முதலில் கொண்டுபோய்க் காட்டுவது அந்தச் சித்தெறும்பிடம்.