சாதம் ஏறும் கோடு

ஜனக்புரி வீட்டின் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி இருப்பவர்கள் மூவர்: ஓய்வுபெற்ற அதிகாரி சேஷாத்ரி, மனைவி காமாக்ஷி, மருமகள் சுபாஷிணி. குளிர்கால வெயில் எவர்சில்வர் தட்டில் பட்டு, சுவரில் நடுங்குகிறது. சேஷாத்ரியின் புஜத்தில் ரத்தச் சர்க்கரையை அளக்கும் வில்லை ஒட்டியிருக்கிறது. அது அனுப்பும் கோடு சுபாஷிணியின் ஃபோனில் ஊர்கிறது. நேற்று வழக்கம்போல் சாம்பார், ரசம், மோர் என்று மூன்று தரம் சாதம் போட்டுக்கொண்டார். கோடு செங்குத்தாக ஏறியது. இன்றும் அப்படி ஏறினால் சாதமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாதமில்லாத தட்டின் முன் குடும்பத் தலைவர் உட்காருவதாவது? ஆகவே இன்று முதலில் கீரை, அவரைக்காய்ப் பொரியல், பருப்பு; அதற்குப் பிறகு ஒரே கரண்டி சாதம். எந்த மேலதிகாரிக்கும் வளையாத அவர் கழுத்து ஃபோனின் மேல் குனிந்திருக்கிறது. கோடு மெல்ல எழுகிறது, சற்றே தயங்குகிறது, மெல்லத் தணிகிறது. “பெரிசா ஏறவேயில்லப்பா,” என்கிறாள் சுபாஷிணி. “நேத்திக்கு குதுப் மினார், இன்னிக்கு ஃப்ளைஓவர்,” என்கிறாள் காமாக்ஷி. தன் உடம்புக்குள் நடப்பதைக் கண்ணெதிரே பார்க்கும் சேஷாத்ரி இமைக்கவில்லை. “அதே அரிசிதானே, காமு?” என்று சன்னதியில் பேசுகிற குரலில் கேட்கிறார்.

சேஷாத்ரி சாதத்தை விட்டுச் சப்பாத்திக்கு மாறிவிட்டார் என்று காலனியில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். அந்த வீட்டில் தினமும் சாதம் வடிக்கிறார்கள், அவரும் சாப்பிடுகிறார்.