விரித்த படுக்கை

விடுதிப் பதிவேட்டில், பார்க்க வந்தவர் என்ன உறவு என்ற கட்டத்தில் அம்மா என்று எழுதிவிட்டு அவர் பேனாவை மூடினார்.

வார்டன் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஹெப்சிபாவோட அம்மாங்களா? ரெண்டு வருசமா அந்தப் பொண்ணத் தேடி யாருமே வந்ததில்லைங்க."

இரண்டு வருடம்.

மகள் கணவனை விட்டு வந்து கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் விடுதியில் இருக்கிறாள் என்பதே அவருக்குப் போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும். கோயிலில் ஆராதனை முடிந்ததும் ஒருத்தி சொன்னாள்.

ஹெப்சிபா போன் செய்தது மூன்று வருடத்துக்கு முன்னால். ஒரு மத்தியானம்.

"அம்மா, நான் அங்க வந்துரட்டுமா?"

வேறெதுவும் சொல்லவில்லை. வீட்டை எதிர்த்துக் கட்டிக்கொண்டவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவர் பாளையங்கோட்டையில் முப்பத்தோரு வருடம் ஆங்கில டீச்சர். ஆங்கிலப் பழமொழிகள் நாக்கு நுனியில் இருக்கும். எட்டாம் வகுப்புக்கு நடத்துகிற ஒன்று வந்தது.

அவரவர் விரித்த படுக்கையில் அவரவர்தான் படுக்க வேண்டும்.

ஆங்கிலத்திலேயே சொன்னார்.

தமிழில் பேசியிருந்தால் பாதியில் குரல் உடைந்திருக்கும். வா என்று முடிந்திருக்கும்.

"சரிம்மா" என்று போனை வைத்துவிட்டாள்.

அப்புறம் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து வரும். நல்லா இருக்கேன் என்று வரும். அவர் நம்பினார். நம்புவது சௌகரியமாக இருந்தது.

மூன்றில் இரண்டு போனால் ஒன்று. அந்தப் போனுக்கு அப்புறமும் ஒரு வருடம் அவள் அவனோடு அந்த வீட்டில் இருந்திருக்கிறாள்.

ஹெப்சிபா படியிறங்கி வந்தாள். மெலிந்திருந்தாள். இடது புருவத்துக்கு மேல் தையல் போட்ட தழும்பு. சின்ன வயதில் அவள் விழுந்து எழுந்த காயமெல்லாம் அவருக்கு மனப்பாடம். இது தெரியாது.

காபி வாங்கிக் கொடுத்தாள். முட்டி வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். எதிரில் உட்கார்ந்து, அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

திருநெல்வேலியிலிருந்து வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்ததை அவர் சொன்னார்.

"வீட்டுக்கு வந்துரு பிள்ள."

ஹெப்சிபா லேசாகச் சிரித்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு. உங்களுக்கு எத்தன மணிக்கு பஸ்?"

பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவரை நீ என்றே கூப்பிட்டவள்.

"ஆறு மணிக்கு" என்றார்.

அவர் திரும்பிப் போக டிக்கெட் எடுத்திருக்கவில்லை.