இன்சுலின் வாக்கெடுப்பு

தூத்துக்குடி இன்சுலின் ஆலை தொழிலாளர்களுக்கே சொந்தமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. எந்த நாட்டுக்கு மருந்து அனுப்புவது, எந்த நாட்டுக்கு நிறுத்துவது என்பதையும் இப்போது அவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். அரசாங்கம் அதை அப்படியே தன் வெளியுறவுக் கொள்கையாக அறிவித்துவிடும்.

எல்லையில் சண்டைக்கு நிற்கும் நாட்டுக்கு மருந்தை நிறுத்தலாமா என்பதற்கு அன்றைக்கு ஓட்டெடுப்பு. பாக்கிங் பிரிவில் வேலை பார்த்த செசிலியின் மகள் ரோஸ்லின் அந்த நாட்டில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். பத்து வயதிலிருந்து தினமும் ஊசி போட்டுக்கொள்கிறவள்.

செசிலி மைக்கைப் பிடித்து, "என் மகளுக்காக மட்டும் கேக்கல. அங்க ஊசி இல்லாம எத்தனை பிள்ளைங்க சாகும்னு யோசிச்சுப் போடுங்க" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ரகசிய ஓட்டு. அரை மணி நேரத்தில் முடிவு திரையில் வந்தது. நிறுத்தலாம் என்று முந்நூற்று நாற்பது பேர். கூடாது என்று ஒருவர்.

அந்த ஒன்று தன்னுடையது என்பது செசிலிக்குத் தெரியும்.

கேன்டீனில், பாக்கிங் பிரிவில் கூட வேலை பார்க்கும் பிலோமினா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான் உங்களுக்காகத்தான் போட்டேன்க்கா."

அடுத்து ஃபோர்மேன் இசக்கிமுத்து வந்தார். "நானும் கூடாதுன்னுதாம்மா போட்டேன். மத்தவங்கதான் இப்படிப் பண்ணிட்டாங்க."

அவருக்குப் பின்னால் இன்னும் பலர் காத்திருந்தார்கள். செசிலி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவர்கள் யாரும் நடிக்கவில்லை. உண்மையாகவே அழுதுகொண்டிருந்தார்கள். அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது.