காலைச் சந்தை நிலவரம்

“எஃகுப் பங்குகள் இன்று கடும் சரிவு” என்று கண்ணாடி முன்னால் சாய்த்து வைத்திருந்த போன் சொன்னது. முடி வெட்டிக்கொண்டிருந்த அழகுநிலையக்காரம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

நாற்காலியில் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்த வங்கிக்காரப் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. “என்னக்கா, ஊரே பணம் போச்சேன்னு வயித்துல அடிச்சுக்குது, நீங்க சிரிக்கிறீங்க! எத்தனை பங்கு வெச்சிருக்கீங்க?”

“என்கிட்ட இருக்கறது இந்தக் கத்திரியும் ரெண்டு சீப்பும்தாம்மா.”

“அப்புறம் எதுக்கு இந்தக் கண்றாவி? பேங்க்லதான் நாள் பூரா இதைக் கேட்டுச் சாகறேன், இங்கயுமா? ஒரு பாட்டுப் போடுங்க.”

“படிக்கறது யாரு தெரியுமா? என் பொண்ணு.”

வங்கிக்காரி சட்டென்று நிமிர, கத்திரி காதில் படாமல் தப்பியது. “அட! குரல் கணீர்னு இருக்கே!”

“சின்னதுலேர்ந்து இளைப்பு அவளுக்கு. இந்த வேலைல சேர்ந்தப்பகூட, வரிக்கு வரி நின்னு மூச்சு வாங்கித்தான் படிப்பா. இப்பக் கேளுங்க, எவ்வளவு நீளமாப் படிச்சாலும் ஒரு இரைப்பு இல்ல.”

போன் பாதி வாக்கியத்தில் நின்றது. ‘உங்கள் சந்தா முடிந்துவிட்டது. தொடர்ந்து கேட்கப் புதுப்பிக்கவும்.’

அம்மா பதறிப்போனாள். கத்திரியை அப்படியே போட்டுவிட்டு போனை எடுத்தாள்.

“அக்கா, என் தலை! ஒரு பக்கம் காது வரைக்கும், இன்னொரு பக்கம் தோள் வரைக்கும் தொங்குது!”

“ஒரே நிமிஷம்மா, கோவிச்சுக்காதீங்க. ஐயோ, போன வருஷத்துக்கு ரெண்டு மடங்கா ஏத்திட்டானே... பரவால்ல, புது நாற்காலி அப்புறம் வாங்கிக்கலாம்.”

“இந்த ஆட்டம் காணற நாற்காலியிலயே இன்னும் ஒரு வருஷமா? நான் என்னைக்கு விழுந்து வைக்கப்போறேனோ! இதென்னக்கா கூத்து, பெத்த பொண்ணு குரலைக் கேக்க அம்மா சந்தா கட்டணுமா? வேலை செய்யறவங்க வீட்டுக்கு சும்மாவே குடுப்பாங்களே. அவகிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?”

அம்மா பணம் கட்டும் பொத்தானை அழுத்திவிட்டு, போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தப்பா நினைக்காதீங்க. நான் இங்க வர்ற இத்தனை நாள்ல அவகிட்டேர்ந்து ஒரு போன் வந்து பாத்ததில்ல. பெரிய வேலை கிடைச்சதும் அம்மாவை மறந்துட்டாளா?”

“மறக்கற பொண்ணு இல்லம்மா அவ.”

‘வணக்கம், இன்றைய காலைச் சந்தை நிலவரம்’ என்று அந்தக் குரல் திரும்பி வந்தது. அம்மா கண்ணை மூடித் திறந்தாள். கத்திரியைத் தேடி எடுத்தாள்.

“நம்பரைச் சொல்லுங்கக்கா. இப்ப ஆபீஸ்லதானே இருப்பா? நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி நான் நாலு வார்த்தை கேக்கறேன்!”

கத்திரி முடியைத் தொடாமல் அப்படியே நின்றது.

“ஆபீஸ்ல அவ குரல் மட்டும்தாம்மா இருக்கு, அதை வெச்சு மிஷின்தான் படிக்குது. அவ தவறி ரெண்டு வருஷமாச்சு.”