சத்தமே இல்லாத பெட்டி

காலையிலிருந்து பக்கத்து வீட்டு இகராஷி பெரியவர் சுவரைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

டோக்கியோவின் அந்தக் குடியிருப்பில் யாரும் நேரில் வந்து சண்டை போடுவதில்லை. சத்தம் பொறுக்காவிட்டால் சுவரைத் தட்டுவார்கள், அவ்வளவுதான்.

“படம் சேர்த்து வைக்கிறேன்னு வீட்ல கம்ப்யூட்டர் சர்வரைக் கொண்டுவந்து வச்சீங்களே, அதால வந்த வினை,” என்றாள் நவோயாவின் மனைவி சிஹோ. “ஃபேன் ஊளையிடுது. தனியா இருக்கற மனுஷன், பாவம்.”

நவோயா சுவரைப் பார்த்துக் குனிந்து, “மன்னிச்சிடுங்க!” என்று சொல்லிவிட்டு எலெக்ட்ரானிக் கடைகள் நிறைந்த அகிஹபாராவுக்கு ஓடினான்.

“சர்வரை உள்ள வைக்க, ரேக்ல மாட்டுற பெட்டி வேணும். சத்தமே வரக்கூடாது.”

“இது பெரிய ஃபேன், மெதுவாச் சுத்தும். உள்ள பூரா பஞ்சு,” என்றார் கடைக்காரர். “பக்கத்து வீட்ல திட்டா?”

“திட்டினாக்கூடப் பரவாயில்ல. தட்டுறார்.”

வரும் வழியில் இனிப்பும் வாங்கினான். மணியடித்து இன்னும் தொந்தரவு செய்வானேன் என்று, பெரியவர் வீட்டுக் கதவின் கைப்பிடியில் பையை மாட்டிவிட்டு வந்தான்.

“கோபம் தணிஞ்சிடுச்சு போல,” என்றாள் சிஹோ. “இப்போ மெல்லத்தான் தட்டினார்.”

அவன் சர்வரைப் புதுப் பெட்டிக்குள் மாற்றி ஓடவிட்டான்.

“பாத்தியா? ஒரு தட்டுகூட இல்ல!”

மறுநாள் மாலை வாசலில் ஒரு போலீஸ்காரர் நின்றார். அவர் கையில் அந்த இனிப்புப் பை.

“பக்கத்து வீட்டுப் பெரியவர் விழுந்து, எழுந்திருக்க முடியாமக் கிடந்திருக்கார். கை தோல் உரியற வரைக்கும் உங்க சுவரைத் தட்டியிருக்கார். நேத்து சாயங்காலம்தான் உயிர் போயிருக்கு. உங்களுக்கு ஏதாவது சத்தம் கேட்டுச்சா?”

நவோயாவுக்குப் பின்னால் புதுப் பெட்டி சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.