ராசியான சிப்

“போச்சுடா! மறுபடியும் நீலத்திரை!” யென்டிங் மேஜையை ஓங்கித் தட்டினான்.

பக்கத்து மேஜையில் போவெய்யின் கம்ப்யூட்டர் அதே சோதனையை அலட்டிக்கொள்ளாமல் ஓட்டிக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க யென்டிங்குக்கு வயிறு எரிந்தது.

இருவரும் கல்லூரியிலிருந்தே நண்பர்கள். தைபே கம்ப்யூட்டர் சந்தையில் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாதிரிப் பாகங்களை வாங்கித் தங்கள் கையாலேயே பூட்டிய கம்ப்யூட்டர்கள் இவை. இரண்டிலும் சிப்பின் வேகத்தை, அதைச் செய்தவன் சொன்ன அளவுக்கு மேலே ஏற்றிவிட்டிருந்தார்கள். போவெய்யுடையது பறந்தது. யென்டிங்குடையது பாதியிலேயே நீலத்திரையைக் காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது.

நாளைக்கு வேகப் போட்டி. ஜெயிப்பவனுக்கு ஒரு மதர்போர்டு கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை. யென்டிங்குக்கு இருந்த வேலை போய் அரை வருஷம் ஆகிவிட்டது. போவெய்க்கோ நல்ல வேலை, அன்பான மனைவி, இப்போது சிப்பும் ராசியாக அமைந்துவிட்டது. சும்மா பொழுதுபோக்குக்காக அவனும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தான். அதைத்தான் யென்டிங்கால் பொறுக்க முடியவில்லை.

“வோல்டேஜைக் கூட்டியும் பாத்தாச்சு, குறைச்சும் பாத்தாச்சு. மெமரியை ஒவ்வொண்ணா கழட்டி மாட்டியாச்சு. ஃபேன் ஜோரா சுத்துது,” என்றான் போவெய். “நீ பூட்டினதுல ஒரு தப்பும் இல்லடா. உன் சிப்புக்குத் தெம்பு அவ்வளவுதான்.”

“உன் சிப்பும் அதே ஃபேக்டரியில செஞ்சதுதானே?”

“ஒரே மூங்கில் கூடையில ஆவியில வேகற பன்னுல ஒண்ணு நல்லா உப்புது, ஒண்ணு உப்ப மாட்டேங்குது. அதுக்கு யார் என்ன பண்றது?”

“உப்பின பன்னு எப்பவும் உன் தட்டுலதான் விழுது!”

யென்டிங் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அந்தச் சிரிப்பு உதட்டைத் தாண்டி உள்ளே போகவில்லை.

போவெய் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, “பசிக்குதுடா. கீழ போய் மாட்டுக்கறி நூடுல்ஸ் வாங்கிட்டு வா. எனக்குக் காரம் தூக்கலா. ரெண்டு மிஷினையும் அணைச்சு வைக்கிறேன், ஆறட்டும். நீ வர்றதுக்குள்ள உன் சிப்புக்கு மேல அந்தக் குளிர்ச்சிப் பசையைப் புதுசா தடவி வைக்கிறேன்,” என்றான்.

நூடுல்ஸ் கடை வரிசையில் மழையில் நனைந்துகொண்டே நின்றான் யென்டிங். எல்லாம் இருப்பவனுக்கே ஏன் எல்லாம் வந்து சேருகிறது? அவனுக்கு எதற்கு அந்தச் சிப்? கொதிக்கும் அண்டாவுக்கு எதிரே நின்றபோது அந்த எண்ணம் வந்தது. முதலில் தன்னை நினைத்து அவனுக்கே வெட்கமாக இருந்தது. பொட்டலம் கைக்கு வருவதற்குள் வெட்கம் போய்விட்டது.

சாப்பிட்டு முடித்ததும் யென்டிங் பட்டனில் கை வைத்தான்.

“இரு, இரு! பச்சைப் பொட்டலத்தை எங்க காணோம்?” என்று தடுத்தான் போவெய்.

கம்ப்யூட்டர் தலையில் வைக்கிற பச்சை நிறச் சோளப்பொரிப் பொட்டலத்தைத்தான் கேட்டான். பச்சை விளக்கு போல அந்தப் பச்சை இருந்தால் மிஷின் நிற்காமல் அடங்கி ஒடுங்கி வேலை செய்யும் என்று அந்த ஊரில் எல்லாரும் வைப்பார்கள்.

“பசியில ஒரு நாள் பிரிச்சுத் தின்னுட்டேன்.”

“அடப்பாவி! காவலுக்கு வெச்சதையே தின்னா மிஷின் எப்படிடா சொன்ன பேச்சு கேக்கும்? நான் போய் வாங்கிட்டு வரேன். அதுவரைக்கும் தொடாதே!”

போவெய் குடையோடு இறங்கிப் போனான். கதவு சாத்தியதுதான் தாமதம், யென்டிங் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

இரண்டு பெட்டிகளையும் திறந்தான். போவெய்யின் சிப்பிலும் பசை புதிதாகப் பளபளத்தது. ‘தன்னோடதுக்கும் தடவிக்கிட்டானா? காரியக்காரன்!’ என்று கறுவிக்கொண்டே இரண்டு சிப்புகளையும் இடம் மாற்றினான். மறுபடி பசை தடவி, மூடி, திருகி, கையைத் துடைக்கவும் போவெய் மூச்சு வாங்க உள்ளே வரவும் சரியாக இருந்தது.

“எந்தக் கடையைப் பாத்தாலும் மஞ்சள், இல்லேன்னா சிவப்பு! தெருக்கோடி வரைக்கும் போய்ப் பச்சை வாங்கிட்டு வந்தேன்டா.” பொட்டலத்தை யென்டிங்கின் கம்ப்யூட்டர் மேல் பயபக்தியோடு வைத்தான். “இப்பப் போடு. பிச்சுக்கிட்டு ஓடும் பாரு!”

“அவ்வளவு நிச்சயமா சொல்றே?”

“சொல்றேன்ல, போடு!”

யென்டிங்குக்கும் நிச்சயம்தான். பட்டனை அழுத்தினான். சோதனை தொடங்கியது. கோடுகள் சரசரவென ஏறின. நாளைய மேடையும், புது வேலையும், போவெய்யின் தோற்றுப்போன முகமும் அவன் கண்ணுக்குள் வந்து நின்றன.

பளிச்சென்று நீலத்திரை.

யென்டிங் அரண்டுபோனான். ஆனால் அவனைவிட அதிகமாக அரண்டுபோனவன் போவெய்தான்.

“இருக்கவே முடியாதுடா!” என்று தலையில் கை வைத்துக்கொண்டான். “நீ நூடுல்ஸ் வாங்கப் போனப்பவே என் சிப்பை உன் மிஷின்ல மாத்திப் போட்டுட்டேனே! சொன்னா நீ வாங்கிக்க மாட்டேன்னுதான் சொல்லலை. வேலை வேணுங்கறது உனக்குத்தானேடா?”

பசை ஒட்டியிருந்த கட்டைவிரலை யென்டிங் மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.